ஆட்டு வாடை

13 அக்டோபர் 2024, ஞாயிறு. கப்பலில்

காலை ஏழரைக்குப் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறினோம். தீவுக்கு ஏழு மணி நேரம். இதுவரை இரண்டு முறை வாந்தி. மூன்றாவது முறைக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை.

கீழ்த்தளத்தில் லாரிகள் நிற்கின்றன. ஒன்றில் ஆடுகள். டீசல் புகையும் ஆட்டு மூத்திர நெடியும் கலந்து படிக்கட்டு வழியாக மேலே ஏறி வருகின்றன. மற்றவர்கள் நிம்மதியாகக் காபி குடிக்கிறார்கள். நான் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, கடலைப் பார்க்காமல், இந்த நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். எழுபத்து நான்கு வயதில் கடல் தாண்டி வந்து நான் கண்டது இந்த நாற்றம்தான்.

வழித்துணைக்கு என் மனைவி கோமதி தன் தம்பி ஆவுடையப்பனை அனுப்பியிருக்கிறாள். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன். எந்தக் கம்பத்திலும் ஏறுவான், எதைக் கொடுத்தாலும் தின்பான். சற்றுமுன் பாலாடைக்கட்டி வைத்த ஏதோ ஒரு பலகாரத்தை எண்ணெய் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“அத்தான், ஒரு வாய் தின்னு பாருங்க. நம்ம ஊரு பப்ஸு மாதிரிதான் இருக்கு.”

“வேண்டாம் ஆவுடை. அங்கிட்டுக் கொண்டு போ.”

“வெறும் வயித்துல வாந்தி எடுத்தா கொடலு வெளிய வந்துரும். நீங்க விலங்கியல் வாத்தியாரு, உங்களுக்கு நான் சொல்லணுமா?”

ஆவுடையப்பனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் மகன் சிவசைலம் ஐந்து வருஷத்துக்கு முன்பு இந்தத் தீவில், முப்பத்தொன்பது வயதில், மாரடைப்பில் இறந்தான். ஐந்தாம் ஆண்டு நினைவுக்கு அவன் மனைவி தெஸ்பினா எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். கோமதிக்குத் தெரிந்ததும் அவ்வளவே. இருவரையும் பொறுத்தவரை சைலு இங்கே எரிக்கப்பட்டு, பார்சலில் சாம்பலாக வந்து, பாபநாசத்தில் தாமிரபரணியில் கரைந்துவிட்டான்.

அவன் எரிக்கப்படவில்லை, புதைக்கப்பட்டான். தீவின் இடுகாடு சிறியது. ஐந்து வருஷம் ஆனதும் குழியைத் திறந்து எலும்புகளை எடுத்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். வருகிற சனிக்கிழமை சைலுவின் முறை. இதை ஆவுடையிடம் எப்படிச் சொல்வது என்று கப்பலில் யோசித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். வாந்தி இடம் கொடுக்கவில்லை.

14 அக்டோபர், திங்கள்

சீசன் முடிந்துவிட்டது. கடற்கரை ஓட்டல்களில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். எங்கள் விடுதியின் நீச்சல்குளத்தில் தண்ணீர் பாசிபிடித்துப் பச்சையாகக் கிடக்கிறது. அதில் ஒரு ரப்பர் செருப்பு மிதக்கிறது. கோடை முழுதும் எவரெவரோ புரண்ட மெத்தை ஈர நாய் போல நாறுகிறது.

குளியலறையில் ஓர் அறிவிப்பு: துடைத்த காகிதத்தைக் கழிப்பறைக்குள் போடாதீர்கள், பக்கத்திலுள்ள கூடையில் போடுங்கள். அதாவது, அந்தக் கூடை மூடியோடு நம் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். தத்துவத்தையும் வடிவியலையும் உலகத்துக்குக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவித் தனியாக எடுத்து வைத்தேன். ஆவுடைக்கும் ஒன்று.

தெருவில் அத்திப்பழங்கள் விழுந்து மிதிபட்டு அழுகியிருக்கின்றன. குளவிகள் மொய்க்கின்றன. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் துணி காயப்போடுவது போல ஆக்டோபஸ்களைக் கொடியில் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே நாலு பூனைகள் வாய் பார்த்துக்கொண்டிருந்தன. பாட வேளையில் நான் எத்தனையோ பிராணிகளை அறுத்துக் காட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு அருவருப்பு வந்ததில்லை. இப்போது ஏன் இப்படி வருகிறது என்று தெரியவில்லை. வயதாக இருக்கலாம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தக்காளி, ரொட்டி, தயிர். ஆவுடை “நீங்க போங்க அத்தான், நான் கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வாரேன்” என்றான். திரும்பி வந்தவனின் சட்டையில் வாட்டிய ஆட்டுக்கொழுப்பு வாடை. சைவக் குடும்பம். நான் கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன்.

15 அக்டோபர், செவ்வாய்

தெஸ்பினா தான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வரச் சொல்லியிருந்தாள். ஆவுடையிடம் மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். படத்தில் பார்த்ததைவிடப் பெருத்திருக்கிறாள். “மாமா, வாங்க” என்றாள். சைலு கற்றுக்கொடுத்த தமிழ் அவ்வளவுதான் மிச்சம் போல. மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

கடைக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடித்தபடி பேசினாள். தை மாதம் மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறாள். அந்த ஆளும் வந்து கைகுலுக்கினான். மீன் நாற்றம் அடிக்கும் பெரிய கை. கல்யாணம் முடிந்ததும் இருவரும் தீவை விட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கை என் கையில் விட்டுப்போன ஈரத்தைச் சட்டையில் துடைத்தேன். பிறகு, ஐந்து வருஷம் குழிக்கு விளக்கேற்றியவள் அவள், வெறுப்பதற்கு எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்றும் தோன்றியது. ஆனாலும் துடைத்தேன்.

விஷயம் இது. எலும்புகளைக் கழுவிப் பெட்டியில் வைத்து, கோயிலை ஒட்டிய எலும்பு வீட்டில் வைக்கலாம். அங்கே பார்த்துக்கொள்ள உறவினர் ஒருவர் வேண்டும். யாரும் இல்லையென்றால் பொதுக் கிணற்றில் கொட்டுவார்கள், ஊராருடைய எலும்புகளோடு. அல்லது நான் ஊருக்கு எடுத்துப் போகலாம். அதற்கான காகிதங்களை அவளே அலைந்து தயார் செய்து வைத்திருக்கிறாள். தந்தை என்ற இடத்தில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“ஐந்து வருஷத்துக்கு முன்னால் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். எரிக்கவா, புதைக்கவா? எரிப்பதென்றால் உடலை வேறு நாட்டுக்கு அனுப்ப வேண்டும், இரண்டு நாளில் உங்கள் கையெழுத்து வேண்டும் என்றேன். நான்கு நாள் கழித்து ‘உங்கள் வழக்கப்படி செய்யுங்கள்’ என்று எழுதினீர்கள். அதற்குள் நான் புதைத்துவிட்டேன்.”

“ஞாபகம் இருக்கிறது” என்றேன்.

“இந்த முறை பதில் வேண்டும், மாமா.”

கோபமாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுவது போலச் சொன்னாள்.

16 அக்டோபர், புதன்

வயிறு சரியில்லை. துணி துவைத்தேன். ஆவுடையிடம் சொல்லவில்லை.

17 அக்டோபர், வியாழன்

இன்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, கல் சொன்னது.

‘நினைவு இடம்’ என்று சொல்லித்தான் அவனைக் கூட்டிப் போனேன். மலைச்சரிவில் சுண்ணாம்படித்த மதிலுக்குள் நாற்பது ஐம்பது குழிகள். வழியெல்லாம் ஆட்டுப் புழுக்கை. ஒரு ஆடு மதில்மேல் நின்று சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன். சிலுவையில் சைலுவின் படம், கீழே அவர்கள் எழுத்தில் ஸ்டெலியோஸ் என்று பெயர். கல்யாணத்துக்காக ஞானமுழுக்குக் கொடுத்து வைத்த பெயர். அதைப் பார்த்தபோது நாக்கில் கசந்தது.

ஆவுடை கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தான். நீளத்தைக் காலால் அளந்தான்.

“அத்தான், இது ஆள் நீளக் குழியால்லா இருக்கு.”

“ஆமா.”

“உள்ள யாரு?”

“சைலுதான்.”

“அப்போ நாம ஆத்துல கரைச்சது?”

நான் கண்ணாடியைத் துடைத்தேன். அவனே ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தான்.

“பாதிய எரிச்சுச் சாம்பல நமக்கு அனுப்பிட்டு, மீதிய இவுங்க சாஸ்திரத்துக்குப் பொதைச்சுட்டாங்களோ? சண்டை வரக்கூடாதுன்னு பங்கு வச்சுட்டாங்க போலுக்கு. அந்தப் பிள்ள நல்ல பிள்ளதான்.”

நான் தலையை அசைத்தேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பேராசிரியனாக இருந்த காலத்திலும் கல்லூரிக் கூட்டங்களில் நான் இப்படித்தான் அசைப்பேன்.

சனிக்கிழமை திறக்கப்போவதைச் சொன்னேன். அவன் கல்லின்மேல் கிடந்த சருகைக் கையால் தள்ளிவிட்டு, “சரி, பிள்ளைக்கு மாமன் நான் இருக்கேன். சாமான் ஏதும் வாங்கணுமா?” என்று கேட்டான்.

18 அக்டோபர், வெள்ளி

எலும்பு கழுவ சிவப்பு ஒயின் வேண்டுமாம். நாலு லிட்டர். பிறந்ததிலிருந்து சாராயக்கடை வாசலை நான் மிதித்ததில்லை. பாட்டிலில் விற்பதைக் கழுவ வாங்கமாட்டார்களாம். ஒரு கிடங்குக்கு அனுப்பினார்கள். இப்போதுதான் திராட்சை மிதித்து முடித்திருக்கிறார்கள். தரையெல்லாம் தோல் சக்கை புளித்துக் கிடந்தது, கொசு மாதிரிப் பூச்சிகள் வாயிலும் மூக்கிலும் புகுந்தன. மண்ணெண்ணெய் வாங்குவது போலப் பிளாஸ்டிக் கேனில் பிடித்துக் கொடுத்தார்கள்.

விடுதிக்கு வந்ததும் ஆவுடை மூடியைத் திறந்தான்.

“கழுவுததுக்கு வாங்குனது ஆவுடை.”

“ருசி பாக்காம எப்படிக் கழுவ? நல்லெண்ணெய் வாங்குனா நாக்குல வச்சுப் பாக்கமாட்டோமா?” ஒரு தம்ளர் குடித்தான். “புளிப்புதான். ஆனா பிள்ளைக்குப் போதும்” என்றவன், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாயங்காலம் கோமதி போன்.

“சாப்டீயளா?”

“சாப்பிட்டேன்.”

“என்னத்தச் சாப்டீய? கொரலே சரியில்ல. அவன் இருந்த வீட்டப் பாத்தீயளா?”

“வெளியில இருந்து பார்த்தேன். வேற ஆள் இருக்காங்க.”

“வாசல்லயாவது ஒரு வெளக்கு ஏத்திட்டு வாங்க. அவந்தான் ஆத்தோட போயிட்டான். அவன் இருந்த எடமாவது இருக்குல்லா.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “இங்கே மழை வரும்போல இருக்கு” என்று சொன்னேன். வானம் துப்புரவாக இருந்தது.

19 அக்டோபர், சனி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

எட்டரை மணிக்குப் பாதிரியார் மந்திரம் சொல்லிச் சாம்பிராணி காட்டினார். மனோலிஸ் என்ற குழிவெட்டி, இடுப்பளவு ஆழம் வரை மண்வெட்டியால் எடுத்தான். பிறகு உளுத்த பலகைத் துண்டுகள். தெஸ்பினா குழிக்கரையில் நின்றாள். ஆவுடை அண்டாவும் கேனும் வைத்துக்கொண்டு நின்றான். நான் பத்தடி தள்ளி, ஒரு சைப்ரஸ் மரத்தில் சாய்ந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அந்த நாற்றத்துக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை. ஈரமண் வாசனைதான் வந்தது.

மனோலிஸ் கையால் துழாவி, முதலில் வந்ததைத் தூக்கிப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டான். டொக் என்று விழுந்தது. வலது தொடையெலும்பு. “அப்படிப் போடாதே!” என்று ஒரு சத்தம் கேட்டது. கத்தியது நான். தமிழில் கத்தியிருக்கிறேன். நான்கு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாதிரியார் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

எப்படிப் போய் மண்டியிட்டேன் என்று தெரியவில்லை. இரண்டு கையையும் நீட்டினேன். மனோலிஸ் ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தான். முப்பத்தாறு வருஷம் மாணவர்களுக்குப் பெயர் சொன்ன வாய், தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இடுப்பெலும்பு. ஐந்தாம் முதுகு முள்ளெலும்பு. விலா, இடது ஏழு. ஆவுடை ஒயினை ஊற்ற ஊற்ற நான் தேய்த்தேன். மண் கரைந்து மெழுகு நிறம் வந்தது. “நல்ல நிறம், நல்ல மனிதன்” என்று மனோலிஸ் சொன்னதாகத் தெஸ்பினா சொன்னாள். கறுத்திருந்தால் ஆகாதாம்.

காலுறைகள் நைலான். மக்கவில்லை. வாயைப் பிரித்துக் கவிழ்த்தபோது இரண்டு பாதங்களின் எலும்புகளும் கூழாங்கல் போல மொத்தமாக என் மடியில் கொட்டின. வேறொருவர் இதை எழுதியிருந்தால் நான் படித்துக் குமட்டியிருப்பேன். பக்கத்துக்கு இருபத்தாறு என்று எண்ணினேன். சரியாக இருந்தது.

பிறகு இடது முன்கை வந்தது. இரண்டு எலும்பும் நடுவில் வளைந்து கூடியிருந்தன.

பதினோரு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தான். வைத்தியர் முட்டை வெள்ளையில் துணியை நனைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டும்போதே எலும்பு நேராக உட்காரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பாடமே அதுதானே. ஆனால் அவர் ஊரறிந்த வைத்தியர், பத்துப் பேர் நிற்கிறார்கள், நான் புத்தகம் படித்தவன் மட்டும். வாய் திறக்கவில்லை. சைலு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசி வரை அந்தக் கை வளைந்துதான் இருந்தது.

அந்த இடத்தை மட்டும் அதிக நேரம் தேய்த்துவிட்டேன் போலிருக்கிறது. “மாமா, சுத்தமாகிவிட்டது” என்றாள் தெஸ்பினா.

வெள்ளைத் துணி விரித்து, தலை முதல் கால் வரை எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைத்தேன். இப்படி அடுக்கி மனோலிஸ் பார்த்ததில்லையாம். மண்ணை விரலால் சலித்தேன். இருநூற்றாறில் நூற்றுத் தொண்ணூற்றாறு கிடைத்தன. சரிபார்க்க இரண்டாம் முறை சத்தமாக எண்ணினேன். அதுதான் நான் செய்த தப்பு. ஆவுடையும் கூடவே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறான்.

“அத்தான். எல்லாம் இருக்கே.”

“ம்.”

“ஒண்ணுகூட எரியலையே.”

நான் துணியின் ஓரத்தைச் சரிசெய்தேன்.

“உங்களுக்குத் தண்ணின்னா பயம்னு, நான்லா கலயத்தத் தலையில வச்சு எறங்குனேன். கழுத்து மட்டும் தண்ணியில நின்னேன். அக்கா கரையில நின்னு கையத் தலையில வச்சுக் கதறுதா. அத்தான், அதுல என்ன இருந்துச்சு?”

வெயிலில் எலும்புகள் காய்ந்துகொண்டிருந்தன. மதில்மேல் அந்த ஆடு வந்து நின்றது. நான் எழுந்துபோய் அண்டாவைக் கழுவினேன்.

கைக்குட்டையை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

20 அக்டோபர், ஞாயிறு

ஆவுடை பேசவில்லை. இரத்த அழுத்த மாத்திரை போட மறந்துவிட்டேன்.

21 அக்டோபர், திங்கள்

முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். இங்கே எழுத முடிந்தால் போனில் சொல்ல முடியும்.

சைலு இறந்த செய்தி வந்தபோது கோமதி ஒன்றுதான் கேட்டாள்: “எரிச்சு, சாம்பலையாவது கொண்டாந்துருங்க.” புதைத்தாகிவிட்டது என்று தெரிந்த அன்று அதை அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை. சாம்பல் பார்சலில் வருகிறது என்றேன். ஒரு வாரம் போனது. “இன்னும் வரலியா?” என்று தினமும் காலையில் கேட்பாள்.

வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில், ஓய்வுபெற்றபோது கொண்டுவந்த பாடப்பெட்டி இருந்தது. அதில் ஒரு ஆட்டின் முழு எலும்புக்கூடு. கோமதி கோயிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, சிரட்டை அடுக்கி அதை எரித்தேன். வெறும் விறகுச் சாம்பல் போதாது. எலும்புத் துண்டு இருக்கிறதா என்று அவள் தடவிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆட்டின் கால் எலும்பு ஆட்டினுடையது என்று தெரியாதபடி அம்மிக்குழவியால் உடைத்தேன். எந்த எலும்பை எந்த அளவில் உடைத்தால் மனித எலும்பு போலிருக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே. நான் படித்த படிப்பு அதற்குப் பயன்பட்டது.

கலயத்தில் போட்டு மஞ்சள் துணி கட்டினேன். அவள் துணியை அவிழ்த்துப் பால் ஊற்றினாள். ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “இம்புட்டு சின்னதாவா ஆயிருவான்?” என்று கேட்டாள். சூட்டில் சுருங்கும் என்றேன். “உங்களுக்குத் தெரியாததா” என்றாள். பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரை காரில் அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

எரித்த அன்று எழுந்த வாடை இன்னும் போகவில்லை. இந்தத் தீவில் ஒரு வாரமாக நான் குறை சொல்லி எழுதியதையெல்லாம் திருப்பிப் படித்தேன். மெத்தை, கூடை, மீன்கை, காகிதம். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

எழுதிவிட்டேன். மணி பதினொன்று. ஊரில் ஒன்றரை. அவள் சமையலறையில் இருப்பாள்.

*

பேசிவிட்டேன்.

“கோமதி, சைலு இங்கதான் இருக்கான்” என்று ஆரம்பித்தேன். தவறான ஆரம்பம். ஒரு கணம் அவள் மூச்சு வேறு மாதிரி ஆனது. உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துவிட்டாள். அந்த ஒரு கணத்துக்கும் நான்தான் பொறுப்பு. அவசர அவசரமாக மற்றதைச் சொன்னேன். புதைத்தது, திறந்தது, கழுவியது. குக்கர் விசில் அடித்தது. அவள் அடுப்பை அணைக்கவில்லை.

“அப்போ நான் மடியில வச்சிருந்தது என்ன?”

“ஆடு” என்றேன்.

இன்னொரு விசில். பிறகு போனை வைத்துவிட்டாள்.

22 அக்டோபர், செவ்வாய்

ஏழு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மழை பெய்தது.

23 அக்டோபர், புதன்

காலை பத்து மணிக்கு ஆவுடை என் அறைக்கு வந்தான். நான்கு நாளாகப் பேசாதவன், நாற்காலி இருந்தும் உட்காராமல் கதவோரம் நின்று பேசினான். ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினான்.

“அக்கா எனக்குப் போன் போட்டா.”

“என்ன சொன்னா?”

“ரெண்டு நாளா சாப்பிடலையாம். அடுத்த வீட்டு அம்மா வந்து கஞ்சி குடுத்திருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. எடது கை எலும்பு வளைஞ்சுதான் இருந்துச்சா, நீ கண்ணால பாத்தியான்னு.”

“நீ என்ன சொன்னே?”

“பாத்தேன்னேன். என் கையாலதான் ஒயின் ஊத்துனேன்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் அழுதா.” அவன் கதவின் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளினான். “உங்ககிட்ட சொல்லச் சொன்னத அப்படியே சொல்லுதேன். ‘கொண்டாரச் சொல்லு. ஆனா இந்தத் தடவ தெறந்து நான் ஒவ்வொண்ணாப் பாப்பேன். பாத்துட்டு, ஆத்துல நானே எறங்குவேன். அவுக கரையில நிக்கட்டும்.’ அம்புட்டுதான்.”

“என்கிட்ட பேசுவாளா ஆவுடை?”

“அத நான் கேக்கல.” கதவைத் திறந்தவன் நின்றான். “நானா இருந்தா பேசமாட்டேன். ஆனா அக்கா என்ன மாதிரி இல்ல. தெரியல.”

மருந்துக்கடைக்குப் போய்த் தெஸ்பினாவிடம் காகிதங்களைக் கேட்டேன். பேனாவை அவளே மூடி கழற்றித் தந்தாள். தந்தை என்ற கோட்டுக்கு மேலே வே. அம்பலவாணன் என்று கையெழுத்துப் போட்டேன். ஐந்து வருஷம் தாமதம். அவளுடைய அந்த ஆள் பெட்டியைப் பலகையால் செய்து வைத்திருந்தான், மூலைகளை நன்றாக இழைத்திருந்தான். கைகுலுக்கினேன். அதே மீன் நாற்றம். துடைக்கவில்லை.

24 அக்டோபர், வியாழன். கப்பலில்

பெட்டி என் மடியில் இருக்கிறது. பத்துக் கிலோ கூட இல்லை. கீழ்த்தளத்தில் இன்றும் ஆடுகள். படிக்கட்டு வழியாக அதே வாடை வருகிறது, குமட்டத்தான் செய்கிறது. வேறு இருக்கைக்கு மாறவில்லை. ஆவுடை எதிரே உட்கார்ந்து வாங்கிவந்த பலகாரத்தைத் தின்கிறான். பாதியைக் காகிதத்தில் சுற்றி, என் பக்கம் பார்க்காமல், மேஜைமேல் என் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருக்கிறான்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதிப் பெட்டிக்குள் மேலாக வைத்தேன். தலை முதல் கால் வரை, இடது வலது பிரித்து. கிடைத்தவை நூற்றுத் தொண்ணூற்றாறு. கிடைக்காதவை பத்து: நாவடி எலும்பு ஒன்று, இடது மணிக்கட்டின் பட்டாணி எலும்பு, வலது கையில் இரண்டு விரல் நுனிகள், காதெலும்புகள் ஆறு. காதெலும்புகள் மண்டைக்குள் மண்ணோடு இருக்கலாம், குலுக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை என்பதையும் எழுதினேன். இடது முன்கை எலும்புகளுக்கு எதிரே, கட்டும்போதே எனக்குத் தெரியும் என்று எழுதினேன்.

தாளின் தலைப்பில், கோமதி பார்வைக்கு.